அண்ணர் பட்ட அடி

கேள்வி: அக்கா, எனக்கு இப்போது 55 வயது. 1991இல் ரொறன்ரோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தேன். கேஸ் எழுதித் தந்தவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "இது காணாது தம்பி" என்றார். 1987 மே மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியை இலங்கை ஆமி சுற்றிவளைத்தபோது பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, தெற்கே பூசா தடுப்பு முகாமுக்குப் போனது என் அண்ணர். நான் அப்போது சாவகச்சேரியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அண்ணருக்கு நடந்ததை எனக்கு நடந்ததாக எழுதினோம். கேஸ் வென்றது. பிறகு குடியுரிமையும் எடுத்தேன். அண்ணர் 1998இல் ஊரிலேயே காலமானார். அவருடைய படம் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது.

போன மாதம் இரவுச் சாப்பாட்டில், போலிக் கல்லூரி அனுமதிக் கடிதத்தோடு கனடாவுக்கு வந்த மாணவர்களைப் பற்றிக் கதை வந்தது. சட்டம் படிக்கிற என் மகன் சொன்னான்: "விண்ணப்பத்தில் பொய் சொன்ன எல்லாரையும் வழக்குப் போட்டு உள்ளே தள்ளவேணும் அப்பா. நேர்மையாக வரிசையில் நின்றவனுக்குச் செய்யிற துரோகம் இது." நான் கோப்பை கழுவ எழும்பிப் போய்விட்டேன். மகன் சொல்வது சரியா? அவனுக்கு நான் சொல்லவேண்டுமா?

— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள தம்பி,

1990களில் இந்த ரொறன்ரோவில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். உங்களைப் போன்ற எத்தனையோ பிள்ளைகளின் வாக்குமூலத்தை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்ன வாய் இது. அதனால் உங்கள் கடிதத்தை உடனே மடித்து வைக்க என்னால் முடியவில்லை.

உங்கள் பொய் சின்னப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் அறியாத ஒன்றை நான் அங்கே இருந்து பார்த்தேன். ஒருமுறை, ஒரே மாதத்தில் வந்த மூன்று பேருடைய படிவங்களில் ஒரே வசனம் இருந்தது. முகாமின் பெயர்கூட மூன்றிலும் ஒரே மாதிரிப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. மூன்றையும் எழுதியது ஒரே கை. அதற்குப் பிறகு, உண்மையிலேயே அந்த முகாமில் கிடந்து வந்த ஒருவர் நாலாவதாக வந்து அதே கதையைச் சொன்னார். விசாரணை அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்ததை நான் கண்டேன். "இதைத்தான் நேற்றும் கேட்டேன்" என்று அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். விற்கப்பட்ட கதைகள் உண்மையான கதைகளின் பெறுமதியைக் குறைத்தன. உங்கள் மகன் துரோகம் என்று சொல்வதில் இந்த அளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அறையில் வேறொன்றையும் பார்த்தேன். ஒரு பையன், இருபது வயதிருக்கும். இடது காலில் அடித்தார்கள் என்று படிவம் சொல்கிறது. எந்தக் கால் என்று கேட்டதும் வலது காலைத் தொட்டான். அதிகாரி திரும்பக் கேட்டார். பையன் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, என்னைப் பாராமல், "என்னை அடிக்கேல்லை. அம்மாவைத்தான் அடிச்சவை. அதை எழுதவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ" என்றான். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்றைக்கே அவனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அவன் சொன்னது பொய். அவனுக்கு இருந்த பயம் பொய்யில்லை. பொய்யன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

கனடாச் சட்டம் இதில் முழுக்கக் கண்மூடி இல்லை. மகன் சட்டம் படிக்கிறார் என்பதால் அவரும் எடுத்துப் பார்க்கட்டும். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 100,000 டொலர் வரை தண்டமும் விதிக்கலாம். அதே சட்டம் 133ஆம் பிரிவில், பொய்க் கடவுச்சீட்டில் தப்பி வந்தவர் அகதிக் கோரிக்கை வைத்தால், அந்தக் கோரிக்கை முடியும்வரை அதற்காக வழக்குப் போடக்கூடாது என்கிறது. அகதியாக ஏற்கப்பட்டால் பிறகும் போட முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவிலிருந்து வந்த சிந்தனை இது. உயிருக்கு ஓடுகிறவனிடம் சரியான கடவுச்சீட்டை எதிர்பார்ப்பது எப்படி? உங்கள் விஷயம் கடவுச்சீட்டு இல்லை, விசாரணையில் சொன்ன கதை. அதற்கு 109ஆம் பிரிவு இருக்கிறது. பொய் சொல்லிப் பெற்ற அகதி அந்தஸ்தை இரத்துச் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முன்வைக்கப்பட்ட மற்றச் சான்றுகளே போதுமானவையாக இருந்தால் இரத்துச் செய்யாமலும் விடலாம் என்கிறது. நான் படித்த சட்ட வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பொய்யைக் கழித்துவிட்டுப் பார், மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கிறது.

ஹெல்மூட் ஓபர்லாண்டர் என்ற பெயரை மகனிடம் சொல்லுங்கள். உக்ரைனில் பிறந்த ஜெர்மன் வம்சத்தவர். இரண்டாம் உலகப் போரில், ஆயிரக்கணக்கான யூதர்களைக் கொன்ற நாஜிக் கொலைப்படை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1954இல் கனடா வந்தார், 1960இல் குடியுரிமை பெற்றார். அந்தப் படையில் இருந்ததை மறைத்தார் என்று 2000இல் நீதிமன்றம் கண்டது. அவர் தன் கையால் யாரையும் கொன்றதற்குச் சான்று இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லை நான் அந்தச் செய்தியில் வாசித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அவர் மறைத்ததைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை, உண்மையைச் சொல்லியிருந்தால் கதவு திறந்தேயிராது. இப்படிப்பட்டவர் மீது அரசு நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், எத்தனை ஆண்டு கழிந்தாலும் சரி. எங்கள் போரிலும் பிறரைச் சித்திரவதை செய்துவிட்டு, பாதிக்கப்பட்டவன் என்று எழுதிக்கொடுத்து ஒரு நாட்டுக்குள் வந்தவர் எவரும் இருந்தால், அவருக்கும் இதையேதான் சொல்வேன். எந்தப் பக்கத்தவராக இருந்தாலும்.

ஆனால் ஓபர்லாண்டருக்குக் கிடைத்ததையும் பாருங்கள். 1995இல் தொடங்கிய வழக்கு, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது. குடியுரிமையைப் பறித்தார்கள், நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது, மறுபடி பறித்தார்கள். 2021இல் 97 வயதில் வோட்டர்லூவில் தன் வீட்டிலேயே காலமானார். இனி 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்ட சாதாரண ஆட்களின் குடியுரிமையை, நேரில் கூப்பிட்டு விசாரிக்காமலே, கடித மூலம் பறிக்கலாம் என்றாகிவிட்டது. நூற்றுக்கணக்கானோருக்குக் கடிதம் போனது. 2017 மே மாதம் ஃபெடரல் நீதிமன்றம் இது நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான், அடுத்த மாதம் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இடையில் 2016இல், அமைச்சராக இருந்த மரியம் மொன்செஃப் ஆப்கானிஸ்தானில் ஹெராத்தில் பிறந்தவர் இல்லை, ஈரானில் மஷாத்தில் பிறந்தவர் என்று தெரியவந்தது. 1996இல் விதவைத் தாய் மூன்று பெண்பிள்ளைகளோடு வந்தபோது தவறான ஊர் பதிவாகியிருந்தது. தனக்கே அது தெரியாது என்று அவர் சொன்னார். நான் அவரை நம்பினேன். பிறந்த ஊரை மாற்றினாலும் அவர்கள் ஆப்கானியர்கள்தான், தப்பி வந்தவர்கள்தான், மிச்சம் முழுதாக இருக்கிறது. அவர் பதவியில் தொடர்ந்தார், அதுதான் நியாயம். ஆனால் அதே ஆண்டு, அமைச்சர் அல்லாத எத்தனை பேர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார்கள்! என் கோபம் அங்கேதான். அமைச்சரின் பிறந்த ஊருக்குக் காட்டிய பொறுமையைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவருக்கும் காட்டியிருக்கவேண்டும்.

மகன் பேசிய மாணவர்கள் விஷயம் எனக்கு நெஞ்சு கனக்கிற விஷயம். பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள். ஜலந்தரில் ஒரு முகவர் காசு வாங்கிக்கொண்டு போலிக் கல்லூரிக் கடிதம் கொடுத்தார். வந்து இறங்கிய பிறகு, "அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறு இடத்தில் சேர்" என்றார். படித்து முடித்து, வேலை பார்த்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்குத் தங்கள் கடிதம் போலி என்றே தெரிந்தது. 2023 ஜூனில் அன்றைய குடிவரவு அமைச்சர் ஷோன் ஃபிரேசர் நாடுகடத்தலை நிறுத்தி, ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்று ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். முகவருக்கு 2024 மே மாதம் 3 ஆண்டு சிறை. தெருவில் பிள்ளைகள் கூடாரம் அடித்துக் கிடந்து போராடிய பிறகுதான் இது நடந்தது என்பதை மட்டும் மகன் மறக்கவேண்டாம். "எல்லாரையும் உள்ளே தள்ளு" என்றால் அந்த முகவரும் அந்தப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கவேண்டும்.

உங்களுக்குக் கேஸ் எழுதித் தந்தவரும் காசு வாங்கியிருப்பார். பொய் சொல்லத் தூண்டுவதும் குற்றம்தான். ஆனால் அவர் கையெழுத்து எங்கும் இல்லை, உங்கள் கையெழுத்துத்தான் இருக்கிறது. அன்று முதல் பயந்துகொண்டிருக்கிறவரும் நீங்கள்தான்.

இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. அனுபவமுள்ள ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள், அவரிடம் சொல்வது அவரோடு இருக்கும். குடியுரிமையை இரத்துச் செய்வதற்குக் காலவரம்பு இந்த நாட்டில் கிடையாது, ஆகவே "முப்பது வருஷம் போய்விட்டது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்கவேண்டாம். அதேபோல மனச்சாட்சி உறுத்துகிறது என்று நீங்களே அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிப் போடவும் வேண்டாம், முதலில் அவரைப் பாருங்கள். நண்பர்களிடமும் வட்ஸ்அப் குழுவிலும் மூச்சு விடவேண்டாம். அண்ணரைப் பிடித்துக் கொண்டுபோன வீட்டிலிருந்து வந்த 21 வயது வடமராட்சிப் பையன் என்ற மிச்சம் 1991இல் போதுமானதாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தீர்மானிக்கிற இடத்தில் நான் இல்லை.

மகனுக்குச் சொல்லத்தான் வேண்டும் தம்பி. சட்டத்தரணியைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். நாளைக்கு அவர் வழக்கறிஞராக, ஒருவேளை அரசுத் தரப்பிலேயே நிற்பார். இப்படி ஒரு கோப்பு அவர் மேசைக்கு வரும். அன்றைக்கு அவர் எதை நினைத்துக்கொண்டு அதைத் திறக்கிறார் என்பது பெரிய விஷயம். அவர் கோபப்படலாம். நீங்கள் கோப்பை கழுவ எழும்பிப் போகாதீர்கள்.

பொய்யிலிருந்து தொடங்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது, அண்ணர் பட்ட அடியை உங்கள் பெயரில் எழுதிவிட்டு, பிறகு அவருடைய கதையை அவருடைய பெயரில் வீட்டில் யாருக்கும் சொல்லமுடியாமல் இருந்திருக்கிறீர்களே என்பதுதான். உங்கள் மகனுக்குப் பெரியப்பா சுவரில் ஒரு படம் மட்டும். அந்தப் படத்தை இறக்கி, தூசு துடைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, 1987 மே மாதம் வடமராட்சியில் அவரைக் கூட்டிக்கொண்டு போன காலையிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.