கொடி ரோஜா உச்சியில் மட்டும் பூக்கிறதே?

கேள்வி: ஐயா, ஓசூரில் வீட்டு மதிலோரம் வைத்த சிவப்புக் கொடி ரோஜாவுக்கு மூன்று வயது. எட்டடிக்கு மேல் போய்விட்டது. பூ உச்சியில் மட்டும் நாலைந்து. மற்ற ரோஜாக்களைப் போல ஐப்பசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா? இலையில் கரும்புள்ளியும் இருக்கிறது.

பதில்: வெட்டிவிடாதீர்கள் அம்மா. மூன்று வருட வளர்ச்சி மொத்தமும் வீணாகிவிடும். நட்டுக்குத்தலாக ஏறவிட்டதுதான் பூ குறைந்ததற்குக் காரணம். கிளை நிமிர்ந்து நிற்கும்வரை நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்க்கணுக்களை அடக்கி வைக்கும். கிளையைப் படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மொட்டு வைக்கும்.

கொடி ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தானாகப் பிடித்து ஏறாது. நாம்தான் கட்ட வேண்டும். மதிலில் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி, சுவரை விட்டு ஓரிரு அங்குலம் தள்ளி இழுங்கள். பின்னால் காற்று ஓடினால் நோய் குறையும். திடமான நாலைந்து கிளைகளை விசிறி மாதிரி இருபுறமும் விரியுங்கள். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு மறுநாள் காலையில் வளைத்தால் கிளை சொன்னபடி கேட்கும். முற்றிய கிளையை ஒரே மூச்சில் மடக்கினால் படக்கென்று ஒடிந்துவிடும். வாரம் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கம்பிக்கும் கிளைக்கும் நடுவே 8 வடிவில் சுற்றி, ஒரு விரல் நுழையும் இடம் விட்டுக் கட்டினால் போதும். முள்ளுக்குக் கையில் சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஐப்பசிக் கவாத்தில் பூத்து முடிந்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். காய்ந்ததையும், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, அடிச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுப்போத்தையும் எடுத்துவிடுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியைக் குழைத்துத் தடவினால் நுனி கருகாது. அப்புறம் ஒரு கூடை மக்கிய தொழுவுரம், கூடவே இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கு.

கரும்புள்ளிக்கு முதல் வைத்தியம், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரிப்பது. குழாயை மேலே பீய்ச்சாமல் வேரில் விடுங்கள். பிறகும் பரவினால் மான்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் தெளிக்கலாம்.

மதில் எந்தத் திசை பார்த்தது என்று நீங்கள் எழுதவில்லை. தினம் ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும். பக்கத்து மரம் மறைத்தால், செடியில் கை வைக்குமுன் அந்த மரக்கிளையைக் கழித்துவிடுங்கள்.