உயர்கல்வியில் 'மொத்தச் சேர்க்கை விகிதம்' என்றால் என்ன? அரசு அதைத் திட்டமிட்டு உயர்த்துவது ஏன்?

18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையில் நூறு பேருக்கு எத்தனை பேர் என்ற அளவில், எவ்வயதினராயினும் உயர்கல்வியில் சேர்ந்திருப்போரைக் கணக்கிடுவதே மொத்தச் சேர்க்கை விகிதம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இது 47. நாடு முழுவதற்கும் 28.4.

நாற்றங்காலில் விதைத்தது நடவுக்கு வர நாளாவதைப் போல, இன்று தொடங்கும் பாடப்பிரிவிலிருந்து பட்டதாரிகள் வெளிவர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகுமாதலால், தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்படும் வேளையில் கல்லூரி இடங்களைக் கூட்டினால் அது காலங்கடந்த ஏற்பாடாகிவிடும். அரசு முன்கூட்டியே திட்டமிடுவது இதனால்தான். இடம் மட்டும் இருந்தால் போதாது. விடுதிக்கும் புத்தகத்துக்கும் வழியில்லாமல் படிப்பை விடும் பெண்கள் உண்டு என்பதால், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

47 என்றதும் நூற்றுக்கு 47 பேர் பட்டதாரிகள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இது சேர்ந்தவர்களின் கணக்கே தவிர, தேறியவர்களின் கணக்கோ வேலை பெற்றவர்களின் கணக்கோ அன்று.