ரத்ததானமும் ஹெபடைட்டிஸ் பி-யும்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ரத்த வங்கித் தொழில்நுட்பர்

காசிமேட்டிலிருந்து: முகாமில் ரத்தம் கொடுத்தேன். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் கிருமி இருக்கிறது என்று அழைத்துச் சொல்கிறார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லையே ஐயா?

பலருக்கு ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் பையிலுள்ள ரத்தம் சொல்லும்வரை யாரும் கண்டுகொள்வதில்லை. முகாம் முடிவு முதல்கட்டச் சோதனை மட்டுமே. கல்லீரல் மருத்துவரைப் பார்த்து மறுசோதனை செய்யுங்கள். ஆறு மாதம் தாண்டியும் கிருமி நிலைத்தால் அது நாள்பட்டது. பிறக்கும்போது தாயிடமிருந்தோ, சிறுவயதிலோ தொற்றியவர்களுக்கே பெரும்பாலும் அப்படி நிலைக்கும். ஆகவே வீட்டில் சந்தேகச் சண்டை வேண்டாம். மனைவி, பிள்ளைகளுக்குச் சோதனை செய்து, தொற்றில்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே சவரக்கத்தி கூடாது. இனி ரத்ததானமும் கூடாது.

வியாசர்பாடியிலிருந்து: சிறுவயதில் மஞ்சள்காமாலை வந்தது. கொடுக்கலாமா?

குடிநீரில் சாக்கடை கலந்து வருவது ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ வகை. பி அப்படிப் பரவாது. முகாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

ராயபுரத்திலிருந்து: சோதனைக்குப் பணம் கட்டுவதற்குப் பதில் ரத்தம் கொடுத்தால் முடிவு இலவசமாகத் தெரியுமே?

இதைத்தான் செய்யாதீர்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். கிருமி புகுந்து சில வாரங்கள் சோதனையில் அகப்படாது. கிருமியின் மரபணுவையே தேடும் நாட் (NAT) சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கும், அழிக்காது. ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து மூவருக்கு ஏற்றலாம். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குப் போங்கள்.

பெரம்பூரிலிருந்து: மூன்று மாதம் முன்பு பச்சை குத்தினேன்.

12 மாதம் பொறுங்கள். காது குத்தியவர்களுக்கும் அதுவே.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: கீழாநெல்லி இருக்க ஊசியும் மாத்திரையும் எதற்கு? நம் சென்னையிலேயே நிரூபித்தார்களே!

1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவின் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. இந்தக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற புளும்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். ஆனால் வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதே நண்பர்: அப்படியானால் பொய் என்கிறீர்களா?

பொய் என்று எங்கே சொன்னேன்? மறுபடி மறுபடி நடக்காத ஒன்றை நம்பி, இந்தக் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்கிறேன். திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக் கிளம்பும். தழையை அரைப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அரையுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: போன மாதம் கையில் பெயர் பச்சை குத்தினேன்...

மேலே பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், தம்பி.