இரண்டு பெஞ்சுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸை அடுத்த ஃப்ரிஸ்கோவில் குடும்பத்துடன் வசிக்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. இங்குள்ள சிறுவர் கால்பந்து அணியொன்றில் முன்கள வீரனாக ஆடுகிறான். அவனுக்கு ரிக்கார்டோ பெப்பி என்றால் உயிர். எங்கள் ஊர் எஃப்.சி. டாலஸ் அணியில் கோல்களாக அடித்துக்கொண்டிருந்த அந்தப் பையன், பெருந்தொகைக்கு ஜெர்மனி போய், ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியே உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். பிறகு நெதர்லாந்தின் பெரிய கிளப்புக்குப் போனார். அங்கும் பல ஆட்டங்களில் கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் இறக்கினார்கள்.

சொந்த ஊரில் வாரந்தோறும் ஆட வாய்ப்புள்ள ஒருவன், பெயர் பெற்ற கிளப்பில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்காருவதற்காக எதற்குக் கடல் கடந்து போக வேண்டும்? பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஐரோப்பாவுக்கு ஓடுவது அவசரப் புத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது. மகனோ, பதினெட்டு முடிந்ததும் போயே தீருவேன் என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கே., ஃப்ரிஸ்கோ

*

அன்புள்ள கே.,

அவசரப் புத்தி என்று நான் சொல்ல மாட்டேன். பெப்பி போன வயதில் தவறில்லை. சேர்ந்த இடமும் சேர்ந்த நேரமும்தான் அவருடைய நல்ல காலத்தில் ஒரு பகுதியை விழுங்கின. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பெஞ்சும் நெதர்லாந்தின் ஐந்தோவன் பெஞ்சும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் வளரும் முன்கள வீரனுக்கு அவை முற்றிலும் வேறான இரண்டு அனுபவங்கள். மகனுக்கு என்ன பதில் சொல்வது என்பது அந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

2021 செப்டம்பர் 8 அன்று ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேசிய அணிக்காகப் பெப்பி ஆடிய முதல் ஆட்டம் அது. அப்போது அவருக்கு 18 வயது. இடைவேளையில் 0-1 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா 4-1 என்று வென்றது. 75-ஆவது நிமிடத்தில் சக வீரர் யெட்லின் தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் பெப்பிதான். அடுத்த மாதம் ஆஸ்டினில் ஜமைக்காவுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அமெரிக்காவின் முதல்நிலை லீகான எம்.எல்.எஸ்.ஸில் அந்த ஆண்டு 13 கோல்கள். 2022 ஜனவரியில், தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகையாக ஏறத்தாழ 2 கோடி டாலர் கொடுத்து ஆக்ஸ்பர்க் அவரை வாங்கியது. அங்கே மொத்தம் 16 ஆட்டங்கள் ஆடினார். கோல் எதுவும் இல்லை.

ஆக்ஸ்பர்க் எப்படிப்பட்ட கிளப் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் முதல் பிரிவு லீகான புண்டஸ்லிகாவின் பதினெட்டு அணிகளில் கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவை நேரடியாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். பதினாறாம் இடத்தில் முடிக்கும் அணி இரண்டாம் பிரிவு அணியொன்றுடன் மோதித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்பர்க் அந்தப் பருவத்தை 14-ஆம் இடத்தில் முடித்தது. இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சரியும், நல்ல வீரர்கள் விலகுவார்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிழைப்பு வரை ஆட்டம் காணும். மேல், கீழ் என்று பிரிவு மாறும் வழக்கமே இல்லாத எம்.எல்.எஸ்.ஸிலிருந்து போன பையன் அந்த அச்சத்தை அங்கேதான் முதன்முதலாக நேரில் பார்த்தான். அத்தகைய அணியின் பயிற்சியாளருக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு புள்ளி வேண்டும். பத்தொன்பது வயதுக்காரர் தவறுகள் செய்து கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க அவரால் முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு மேல் அந்த விலை. சாதாரணத் தொகைக்கு வந்த பையனென்றால் இரண்டாம் அணியில் ஆடவிட்டுப் பக்குவப்படுத்துவார்கள். கிளப்பின் அதிகபட்ச விலைக்கு வந்தவர் இறங்கிய அன்றே கோல் அடிக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

நேரமும் கூடிவரவில்லை. எம்.எல்.எஸ். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலத்தில் முடிகிறது. ஐரோப்பிய லீகுகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. ஆகவே ஜனவரியில் மாறுகிறவர், ஒரு முழுப் பருவம் ஆடிக் களைத்த உடம்புடன், பாதிப் பருவம் ஓடிவிட்ட அணிக்குள் நுழைகிறார். சக வீரர்களோடு ஒன்றாக ஓடிப் பழகும் கோடை காலப் பயிற்சி முகாம் அவருக்குக் கிடைப்பதில்லை. பந்து எந்தக் காலிலிருந்து எப்போது வரும் என்பதை அவர் ஆட்டத்துக்குள்ளேயே கற்க வேண்டியிருக்கிறது. 2027 கோடையிலிருந்து எம்.எல்.எஸ். தன் நாட்காட்டியை ஐரோப்பாவோடு பொருத்திக்கொள்ளப்போகிறது. உங்கள் மகன் வயதுள்ளவர்களுக்கு அது பெரிய நன்மை.

இப்படிப்பட்ட அணியில், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் 80-ஆவது நிமிடத்தில் இறக்கப்படும் முன்கள வீரரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அரை மணி நேரமாகக் கோட்டோரம் ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கி வைத்திருக்கிறார். உள்ளே வந்ததும் பின்களத்திலிருந்து உயரமான பந்துகள் வந்து விழுகின்றன. தன்னைவிடக் கனமான தடுப்பாளருடன் முட்டி மோதி அவற்றில் இரண்டை வெல்கிறார், மூன்றை இழக்கிறார். கோலுக்கு எதிரே பந்து அவர் காலுக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அந்த ஒரு முறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வாரமோ மூன்று வாரமோ காத்திருக்க வேண்டும். தவறவிட்ட அந்த ஒரு பந்தை மனத்திலேயே சுமந்துகொண்டு அவர் அந்த நாட்களைக் கழிக்கிறார். முன்கள வீரனின் மனம் கெடுவது இங்கேதான். பெப்பிக்குக் கோல் வறட்சி ஜமைக்கா ஆட்டத்துக்குப் பிறகு தொடங்கியது. 2022 செப்டம்பர் வரை, கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து, ஒரு கோலும் வரவில்லை.

அந்த வறட்சி முடிந்த இடம் குரோனிங்கன். 2022 ஆகஸ்ட் இறுதியில் ஆக்ஸ்பர்க் அவரை நெதர்லாந்தின் அந்த வடபகுதி அணிக்கு லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, அனுப்பியது. அது மோசமான அணி. அந்தப் பருவத்தின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியே போனது. ஆனால் அங்கே வாரந்தோறும் தொடக்கப் பதினொருவரில் அவர் பெயர் இருந்தது. இருபதாம் நிமிடத்தில் ஒன்று தவறினால் அறுபதாம் நிமிடத்தில் இன்னொன்று வரும் என்ற உறுதி திரும்பியது. லீகில் 12 கோல்கள் அடித்தார். அதற்கு நடுவே, நவம்பர் 9 அன்று, கத்தார் உலகக் கோப்பைக்கான அமெரிக்க அணி அறிவிக்கப்பட்டபோது அதில் அவர் பெயர் இல்லை. தகுதிச் சுற்றின் தொடக்கத்தில் அணியைத் தூக்கி நிறுத்திய பையனை விட்டுவிட்டுப் போனது நியாயமில்லை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆக்ஸ்பர்க்கில் போன மாதங்களுக்கு அவர் கொடுத்த உண்மையான விலை அதுதான்.

2023 கோடையில் ஐந்தோவன் நகரின் பி.எஸ்.வி. அவரை வாங்கியது. அங்கே அவருக்கு முன்னால் இருந்தவர் அணித் தலைவர் லூக் டி யோங். முப்பது கடந்த அவர் 2023-24 பருவத்தில் லீகில் 29 கோல்கள் அடித்து, கோல் பட்டியலின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அப்படிப்பட்டவர் இருக்கும்போது இருபது வயதுக்காரர் வெளியே உட்காருவதில் அவமானம் எதுவுமில்லை. பீட்டர் போஸ் பயிற்றுவித்த அந்த அணி அந்தப் பருவத்தின் முதல் 17 லீக் ஆட்டங்களையும் வென்றது. அத்தகைய அணியில் கடைசி இருபது நிமிடம் இறங்குகிறவருக்கு எதிரே இருப்பவர்கள் களைத்துத் தம் கோலை ஒட்டி ஒடுங்கிய தடுப்பாளர்கள். பந்தும் ஓயாமல் அவர் பக்கமே வருகிறது. 2023 நவம்பரில் ஸ்பெயினின் செவில்லாவில் 0-2 என்று பின்தங்கிய பி.எஸ்.வி. 3-2 என்று வென்றது. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த கூடுதல் நேரத்தில் தலையால் வெற்றி கோலை அடித்தவர் மாற்று ஆட்டக்காரராக வந்த பெப்பி. ஏறத்தாழ ஓராண்டு கழித்து உக்ரைனின் ஷாக்தாருக்கு எதிராகவும் அதே 0-2, அதே 3-2, கூடுதல் நேரத்தில் மீண்டும் அவருடைய கோல். 2024-25 பருவத்தின் முதல் பாதியில் மட்டும் லீகில் 11 கோல்கள் அடித்தார். ஜனவரி இறுதியில் லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்த ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முடிந்துபோனது என்பதுதான் துயரம்.

ஆக, ஐந்தோவனில் அவர் காத்திருந்தது வீணாகவில்லை. இருந்தாலும் உங்கள் ஆதங்கத்தில் பாதியை நான் ஏற்கிறேன். இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பருவம் காத்திருக்கலாம். இரண்டாவது பருவத்தையும் அப்படியே தொடங்குவது அதிகம். ஆடாத ஆட்டங்களைப் பின்னால் எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது.

ஊருக்குத் திரும்பினால் தோற்றவன் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம் உங்கள் மகனுக்கு இருந்தால், அமெரிக்க வீரர் லாண்டன் டொனோவனைப் பற்றிச் சொல்லுங்கள். 1999-இல், வயதுவந்தோர் லீகில் ஆடும் முன்பே, அவரை ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் எடுத்துக்கொண்டது. முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. 2001-இல் லோனில் சான் ஹோசேவுக்குத் திரும்பி, அந்த ஆண்டும் 2003-இலும் எம்.எல்.எஸ். கோப்பையை வென்றார். 2002 உலகக் கோப்பையில் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2005-இல் மறுபடி லெவர்குசன் போய்ச் சில மாதங்களிலேயே திரும்பினார். அவருக்குத் துணிச்சல் போதவில்லை என்று அன்று பலர் பேசினார்கள். அவரோ 2010-இல் இங்கிலாந்தின் எவர்ட்டனில் குறுகிய காலம் ஆடி ரசிகர்களின் அன்பைச் சம்பாதித்தார். ஆடும் இடத்தைத் தேடி வந்த ஒருவரைக் கோழை என்று அழைத்தது பெரிய அநியாயம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னோர் அமெரிக்க வீரர் ஃப்ரெடி அடூ இருக்கிறார். 14 வயதில் தொழில்முறை வீரரானவர், 18 வயதில் போர்ச்சுகலின் பென்ஃபிக்கா போனார். அங்கிருந்து மொனாக்கோ, பெலனென்சஸ், ஆரிஸ், ரிசேஸ்போர் என்று நான்கு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பப்பட்டார். அவருடைய ஆட்டத்தை வளர்த்தெடுக்கும் பொறுப்பு கடைசிவரை எந்தப் பயிற்சியாளரிடமும் நிலைக்கவில்லை.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஃபா விதிப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் பொதுவாக வெளிநாட்டுக் கிளப்பில் சேர முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றின்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடக்கும் மாற்றங்களுக்குப் பதினாறு வயது போதும். தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை பெற்றதால்தான் அமெரிக்க வீரர் கிறிஸ்டியன் புலிசிச் அவ்வளவு சிறு வயதில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அணியில் ஆட முடிந்தது. உங்கள் மகனிடம் அப்படிப்பட்ட பாஸ்போர்ட் இல்லையென்றால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முடிவெடுக்கும் அவசியமே உங்களுக்கு இல்லை. நெதர்லாந்தில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்குச் சட்டப்படி உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியிருப்பதால், சிறிய கிளப்புகள் அங்கே எளிதில் கை நீட்டுவதில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கிளப் உண்மையாகவே அவனைக் கேட்டு வந்தால், லீகின் பெயரையும் தொகையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் இடத்தில் இப்போது ஆடுகிறவர் யார், அவருக்கு என்ன வயது, கடந்த இரண்டு பருவங்களில் இருபது வயதுக்குட்பட்ட எத்தனை பேரை அந்தக் கிளப் தொடக்கத்திலிருந்து ஆடவைத்தது, அவனைத் தேர்ந்தெடுத்தது பயிற்சியாளரா நிர்வாகமா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். பெப்பியை வாங்கியபோது ஆக்ஸ்பர்க்கில் இருந்த பயிற்சியாளர் மார்க்குஸ் வைன்சியர்ல் அந்தப் பருவம் முடிந்ததுமே விலகிவிட்டார்.

2019-இல் எஃப்.சி. டாலஸின் இரண்டாம் அணியான நார்த் டெக்சாஸின் முதல் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தபோது பெப்பிக்கும் பதினாறு வயதுதான். அது மூன்றாம் நிலை லீக். உங்கள் மகனும் இப்போதைக்கு எந்த அணி அவனை வாரந்தோறும் தொண்ணூறு நிமிடமும் களத்தில் வைத்திருக்கிறதோ அந்த அணியிலேயே ஆடட்டும். பதினெட்டு முடிந்து அழைப்பு வந்தால், விசாரித்துவிட்டு அவனை மனமாரப் போகவிடுங்கள்.

அன்புடன்.