வாசகர் கேள்வி: கால்பந்தை மைதானத்தில் பார்ப்பது முன்பு போல இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் பழையது எல்லாமே பொன்னாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பிவேலி போட்ட நின்று பார்க்கும் பகுதிக்குள் அளவுக்கு மீறி ஆட்களை விட்டதால் நசுங்கியே 97 பேர் இறந்துபோனார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அந்த விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கையால், 1994 முதல் மேல்மட்ட மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. பாதுகாப்பு வந்தது, குடும்பங்கள் வந்தன, சரி. அப்புறம் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போய், காலங்காலமாக வந்துகொண்டிருந்த உழைப்பாளிகளும் இளைஞர்களும் டிவி முன்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அடுத்தது விஏஆர், அதாவது நடுவரின் தீர்ப்பை வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் முறை. இங்கிலாந்தின் மேல்மட்டப் போட்டியான பிரீமியர் லீக்கில் 2019-20 சீசனில் வந்தது. பந்து வலைக்குள் போனதும் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் கட்டிப்பிடிப்போமே, இப்போது தூக்கிய கை பாதியில் நிற்கிறது, கண் திரைக்குப் போகிறது. தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும், அந்த நொடி திரும்பி வராதே!

ஜெர்மனியில் நிலைமை வேறு. டார்ட்மண்ட் நகர மைதானத்தில் ஒரே பக்கத்தில் சுமார் 25,000 பேர் இன்றும் நின்றுகொண்டே பாடுகிறார்கள். இங்கிலாந்திலும் 2022 முதல் தடுப்புக்கம்பி வைத்த இடங்களில் நின்று பார்க்க மறுபடி அனுமதிக்கிறார்கள்.