பேட்டரி வைத்த பிறகும் ஏன் இந்த அசதி?

கேள்வி: எனக்கு 63 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வருடம் முழுக்கத் தலைசுற்றல், கொஞ்சம் நடந்தாலே கண் இருட்டும். ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன். ஈசிஜி எடுத்துவிட்டு, நாடி 34 தான் இருக்கிறது, இதயத்தில் முழு பிளாக் என்றார்கள். இரண்டே நாளில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பத்து வாரம் ஆகிறது. மயக்கம் நின்றுவிட்டது, ஆனால் அசதி போகவே இல்லை. மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். சில நேரம் கழுத்தில் என்னவோ துடிக்கிறது. தையல் பிரித்தபோது ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். “பேட்டரியே வச்சாச்சு, இன்னும் என்னம்மா?” என்கிறான் மகன். கடன் வாங்கிச் செலவு செய்த பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. இடது கையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. செல்போன்தான் பேட்டரியை இழுக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டம்மா. கொடுத்த அட்டையில் ‘வி வி ஐ 60’ என்று எழுதியிருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

வயதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதி அனுப்பியதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறையப் பேர் அதை பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிடுவார்கள், ஒருநாளும் படிக்க மாட்டார்கள்.

முதல் எழுத்து, இதயத்தின் எந்த அறையை மிஷின் துடிக்க வைக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, எந்த அறையின் துடிப்பைக் கவனிக்கிறது என்பதை. ‘வி’ என்பது வென்ட்ரிக்கிள், அதாவது கீழறை. மூன்றாவதாக உள்ள ‘ஐ’, இதயம் தானே துடித்தால் மிஷின் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும் என்பதற்கு. துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும். சில அட்டைகளில் நான்காவதாக ‘ஆர்’ என்று ஓர் எழுத்து இருக்கும். உங்கள் அட்டையில் அது இல்லை. எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

நாம் படி ஏறும்போது கால் தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அதனால் இதயம் வேகம் கூட்டும். உங்கள் வயதில் ஒருவர் ஒரு மாடி ஏறினால் நாடி 100-ஐத் தாண்டுவது சாதாரணம். வேகத்தைக் கூட்டச் சொல்லும் செய்தி இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கி வர வேண்டும். முழு பிளாக் என்றால் அந்த வழியே அடைபட்டுவிட்டது என்று பொருள். மேலறை கூப்பிட்டாலும் கீழறைக்குக் கேட்காது. அப்படியானால் நீங்கள் தூங்கும்போதும் 60, துணிக்கூடையோடு படி ஏறும்போதும் கிட்டத்தட்ட 60. பாதிப் படியில் நிற்காமல் வேறென்ன செய்வீர்கள்?

‘ஆர்’ என்ற அந்த வசதியை ‘ரேட் ரெஸ்பான்ஸ்’ என்பார்கள். மிஷினுக்குள் அசைவை உணரும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. நீங்கள் நடந்தால் அது தெரிந்துகொண்டு வேகத்தை 80, 100 என்று கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். இன்று வைக்கப்படும் பெரும்பாலான மிஷின்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அதை இயக்கி விடுவதில்லை. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். இயக்குவதற்குக் கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். நெஞ்சுக்கு மேலே ஒரு கருவியை வைத்து, கணினியில் மாற்றிவிடுவார்கள். (குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் குலுங்கினால், நடக்கிறோம் என்று நினைத்து மிஷின் வேகம் கூட்டுவதும் உண்டு. பயப்பட வேண்டாம், அந்த உணர்திறனையும் குறைத்துக்கொள்ளலாம்.)

கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. மிஷினைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். அதனால்தான் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். இந்த வாரமே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வைத்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு செக்கிங் எப்படியும் தேவை. மிஷினிலிருந்து இதயத்துக்குள் போகும் ஒயர் அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் மின்சாரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருப்பார்கள். பிடித்த பிறகு அளவாகக் குறைத்தால் பேட்டரி கூடுதல் நாள் வரும். ஒயர் லேசாக நகர்ந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். கால்மணி, அரைமணி நேர வேலை. வலியே இருக்காது.

அங்கே ஒன்றை நீங்களே கேளுங்கள்: “என் துடிப்பின் ஹிஸ்டோகிராமைப் பார்த்தீர்களா?” இத்தனை வாரத்தில் உங்கள் இதயம் எந்தெந்த வேகத்தில் எவ்வளவு நேரம் துடித்தது என்று மிஷின் கணக்கு வைத்திருக்கும். அத்தனையும் 60-ஐ ஒட்டியே குவிந்திருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். முடிந்தால் உங்களை வராந்தாவில் நடக்க வைத்துப் பார்த்து வேகத்தை அமைக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் செய்த அமைப்பு படி ஏறுகிறவருக்கு எப்படிப் பொருந்தும்?

கழுத்துத் துடிப்புக்கு வருகிறேன். மேலறை தன் போக்கில் சுருங்குகிறது, கீழறை மிஷின் சொல்படி சுருங்குகிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோது, நடுவில் இருக்கும் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேலறை சுருங்கிவிடும். ரத்தம் முன்னே போக வழியில்லாமல் கழுத்து ரத்தக்குழாய்க்குத் திரும்பி மோதும். அப்போது ரத்த அழுத்தமும் இறங்கலாம், அசதியும் கிறுகிறுப்பும் வரலாம். இதற்கு ‘பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்’ என்று பெயரே இருக்கிறது. கீழறையில் ஒரே ஒயர் வைத்தவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். செலவு குறைவு என்பதால் நம் ஊரில் ஒரு ஒயர் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். உயிரைக் காப்பாற்ற அது போதும், அதில் உங்கள் மகன் மீது ஒரு குறையும் கிடையாது. அமைப்பை மாற்றியும் சரியாகவில்லை என்றால், மேலறைக்கு இரண்டாவது ஒயர் சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். அது மறுபடியும் சின்ன ஆப்பரேஷன். இப்போதே அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கழுத்துத் துடிப்பை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

‘பேட்டரி வச்சிருக்கு’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்தான் உங்கள் மகனையும் குழப்பியிருக்கிறது. டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி போட்டால் வெளிச்சம் கூடுகிறதே, அம்மாவுக்கு மட்டும் ஏன் கூடவில்லை என்று அவர் நினைக்கிறார். பேஸ்மேக்கர் இதயத்துக்குப் பலம் தராது. கச்சேரியில் தாளம் போடுகிறவரைப் போல நேரத்தை மட்டும் தட்டிக் காட்டும். பாட வேண்டியது இதயத் தசைதான். மெதுவான பாட்டுக்கும் வேகமான பாட்டுக்கும் ஒரே வேகத்தில் தாளம் போட்டால் பாடுகிறவர் திணறத்தானே செய்வார்?

உலகத்தில் முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது 1958-இல், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில். வைத்துக்கொண்டவர் ஆர்னே லார்சன், அப்போது வயது 43. மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். அவருடைய மனைவி டாக்டர்களை விடாமல் நச்சரித்ததால்தான் அந்த ஆப்பரேஷனே நடந்தது. முதலில் வைத்த மிஷின் சில மணி நேரத்தில் நின்றுபோனது. அதற்கப்புறம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மிஷின்களை மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை இருந்தார். இறந்ததும் இதய நோயால் அல்ல. அந்தக் காலத்து மிஷினுக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். உடம்பின் அசைவுக்கு ஏற்ப வேகம் மாறும் மிஷின்கள் பரவியது 1980-களில். உங்கள் உள்ளேயே அந்த வசதி இருக்கக்கூடும்போது, 1958-இன் ஒரே வேகத்தோடு நீங்கள் ஏன் வாழ வேண்டும்?

என் அம்மாவுக்கும் பேஸ்மேக்கர் வைத்திருந்தது. செக்கிங் போகும்போதெல்லாம் டெக்னீஷியன் தம்பி “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்பார். “நல்லா இருக்கேன்பா, உங்க புண்ணியத்துல” என்று அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்துவிடுவார். நான் டாக்டர், பக்கத்திலேயே இருந்தேன். எனக்கும் ஏழெட்டு மாதம் தெரியவில்லை. கோயில் பிரகாரத்தில் பாதிச் சுற்றில் உட்கார்ந்தபோதுதான், “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டேன். “வச்சதுல இருந்தே. காப்பாத்தினவங்ககிட்ட போய்க் குறை சொல்றதா?” என்றார். அந்தப் பதில் இன்னும் எனக்கு வலிக்கிறது. அமைப்பை மாற்றிய பிறகு அவர் மூன்று சுற்றும் சுற்றினார். உங்கள் கடிதத்தில் ‘மனம் வரவில்லை’ என்று படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

அதனால் சொல்லுங்கள் அம்மா. எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ‘அசதியாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால், ‘வயசாச்சுல்ல’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ‘எட்டாவது படியில் நின்றேன், இரண்டு நிமிடம் கழித்து ஏறினேன்.’ ‘கோலம் போட்டு நிமிர்ந்தபோது கிறுகிறுத்தது.’ ‘சாப்பிட்ட பிறகு கழுத்துத் துடிப்பு.’ நீங்கள் ஆசிரியை, இப்படி எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஷினின் கணக்கையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. மகனையும் கூட அழைத்துப் போங்கள். அவர் காதால் கேட்கட்டும்.

அசதிக்கு மிஷின் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிட்டிருந்தால் பி12 குறைய வாய்ப்பு உண்டு. நாடி குறைந்திருந்தவரைக்கும் தர முடியாத பீட்டா பிளாக்கர் மாத்திரையை, மிஷின் வைத்தபின் சிலருக்குத் தொடங்குவார்கள். மெட்டோபிரோலால், அடினோலால் எல்லாம் அந்த வகை. அதுவும் அசதி தரும். உங்கள் சீட்டில் இருந்தால் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ஒரு எக்கோ, அதாவது இதயத்துக்கு ஒரு ஸ்கேன். கீழறையை ஒயர் மூலமாகவே எப்போதும் துடிக்க வைத்தால், மாதங்களோ வருடங்களோ கழித்துச் சிலருக்கு இதயத் தசை பலவீனப்படும். எல்லோருக்கும் வராது, வந்தாலும் வேறு முறையில் ஒயர் வைக்க வழி இருக்கிறது. இப்போதே ஒரு எக்கோ எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சரி, உடம்பு தேறுவதைப் பேசலாம். ஒரு வருடமாகவே உங்கள் இதயம் மெதுவாக ஓடியிருக்கலாம், கடைசியில் 34 வரைக்கும் இறங்கியிருக்கிறது. அந்த வருடம் முழுக்க நீங்கள் நடையைக் குறைத்திருப்பீர்கள், உட்கார்ந்தே இருந்திருப்பீர்கள். கால் தசை கரைந்திருக்கும். அது பத்து வாரத்தில் தானாகத் திரும்பாது. செக்கிங் முடிந்து டாக்டர் சரி என்றதும், காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம் சமதரையில் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது காலுக்கு நல்ல பயிற்சி. தினம் முட்டையோ, பருப்போ, சுண்டலோ தட்டில் இருக்கட்டும். வெறும் ரசம் சாதத்தில் தசை வளராது.

அந்த இடது கை! ஆரம்பத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் வரைதான் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம் என்பார்கள். ஒயர் நகராமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு. பத்து வாரம் ஆன பிறகும் மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அந்த வலி தூக்கத்தையும் கெடுத்து அசதியைக் கூட்டும். செக்கிங்கில் ஒயர் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, மெதுவாகத் தூக்கத் தொடங்குங்கள். சுவரில் விரலை ஊன்றி மேலே மேலே நகர்த்துங்கள். பின்னல் போட்டுக்கொள்ளலாம். கொடியில் துணியும் போடலாம்.

பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், செல்போன் பேட்டரியை இழுக்காது. சட்டைப்பையிலோ ரவிக்கைக்குள்ளோ மிஷினுக்கு மேலே வைக்காதீர்கள், 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும், வலது காதில் வைத்துப் பேசுங்கள். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். டிவி, மிக்ஸி, மைக்ரோவேவ் எதற்கும் பயப்பட வேண்டாம்.

சிலவற்றுக்கு மட்டும் செக்கிங் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. மறுபடி மயக்கம், முழு நிமிடம் எண்ணியும் நாடி 60-க்கு நன்றாகக் கீழே இருப்பது, நிற்காத விக்கல், மிஷின் வைத்த இடத்தில் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, காய்ச்சல், இடது கை முழுக்க வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி. இதில் எது வந்தாலும் அன்றே கிளம்பிவிடுங்கள்.

வயதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். 63 வயதில் ஒரு மாடி ஏற முடியாமல் நிற்பதை வயதின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். செக்கிங் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அட்டையில் இப்போது எத்தனை எழுத்து, எத்தனையாவது படி வரைக்கும் நிற்காமல் ஏறுகிறீர்கள், இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும்.