தொழிற்சாலைக்கு வரிச்சலுகை: ஊருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: எங்கள் ஊராட்சியை ஒட்டி ஒரு பெரிய தொழிற்சாலை வருகிறது. அரசு வரிச்சலுகை கொடுக்கிறதாம், ஆயிரக்கணக்கில் வேலை வருமாம். கிராம சபையில் நாங்கள் என்ன கேட்பது?

பதில்: முதலில் இதைக் கேளுங்கள்: சொன்ன வேலை வராவிட்டால் சலுகை நிற்குமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2017இல் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் மின்னணு நிறுவனம் அங்கே 13,000 பேருக்கு வேலை என்றது. மாநிலம் 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை அறிவித்தது. 2019 முடிவில் கணக்குப் பார்த்தால், சலுகைக்குக் கணக்கில் சேரும் ஊழியர்கள் 281 பேர்தான். ஒப்பந்தப்படி குறைந்தது 520 பேர் இருந்திருக்க வேண்டும். அதனால் அந்த ஆண்டுக்கான சலுகையை மாநிலம் தரவில்லை. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 1,454 வேலைக்கு அதிகபட்சம் 8 கோடி டாலர் என்று சுருக்கிவிட்டார்கள். ஆள் எடுத்த பிறகே பணம் என்று எழுதியிருந்ததால் மாநிலத்தின் சலுகைப் பணம் தப்பியது. ஆனால் மவுண்ட் ப்ளசன்ட் என்ற அந்தச் சின்ன ஊர் முன்கூட்டியே கடன் வாங்கி சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டிருந்தது. வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனவர்களும் உண்டு. கட்டடம் எழும்பாவிட்டாலும் குறிப்பிட்ட சொத்து மதிப்புக்கு நிறுவனம் வரி கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனைதான் ஊருக்குப் பிடிமானமாக இருந்தது.

நமக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை நினைவிருக்கும். 2005இல் ஒப்பந்தம் போட்டு, வாட் வரியை (ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த விற்பனை வரி) திருப்பித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. நல்ல நாளில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அந்த வேலைகள் நிஜம், அந்தச் சம்பளத்தில் நடந்த குடும்பங்களும் நிஜம். அதனால் சலுகையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திருப்பித் தரும் வரி பொதுப்பணம். எத்தனை ஆண்டுக்கு ஆலை நடக்க வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம், வேலை யாருக்கு? ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஏற்கெனவே ஓடும் ஓர் ஆலையின் வாசலில் நின்று, பஸ்களின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படியுங்கள். உங்கள் வட்டாரப் பெயர் எத்தனை பஸ்ஸில் இருக்கிறது? அதில் ஏறுகிறவர்கள் நிரந்தர ஊழியர்களா, கான்ட்ராக்டா என்றும் விசாரியுங்கள்.

மாநில ஜிஎஸ்டி ஊராட்சிக்கு நேராக வருவதில்லை. உங்கள் கைக்கு முக்கியமாக வருவது கட்டட வரியும், வேலை பார்ப்பவர்கள் கட்டும் தொழில்வரியும்தான். தொழில்வரிக்கு அரசியல் சட்டத்திலேயே ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. கட்டட வரியிலும் விலக்கு கொடுத்திருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள். சாலை, குப்பை, குடிநீர்ச் செலவு உங்கள் தலையில் விழும்போது அந்த வரியை விட்டால் வேறு வழியில்லை.

சலுகைக்கான அரசாணையை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பொதுநலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்று 8(1)(ஈ) பிரிவிலேயே இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.